பக்கம் புரட்டியவள்

அந்த உக்ரேனிய இசையமைப்பாளரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மீது எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவர் எழுதிய இசை ஒரு வருடத்தின் பெரும்பகுதி ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் என் வீட்டுப் பியானோவின் மேல் இருந்தது. அதைச் சுற்றி நடந்தவை எல்லாம் எங்களுடைய காரியங்கள். அவருக்கு அவற்றில் பங்கில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பியானோ படித்தவள். சண்டை தொடங்கிய பிறகு பியானோ இருந்த அறையில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களை இருத்தினார்கள். அதோடு என் படிப்பு நின்றது. கனடாவுக்கு வந்து, வேலை, பிள்ளைகள், வீடு என்று எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தபோது பியானோவை மறந்திருப்பேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாரோ வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய பியானோ ஒன்று எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்ததும் விரல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்தன.

அப்போது நான் மிசிசாகாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் மேசைக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு உக்ரேனியப் பெண் இருந்தாள். கார்கிவ் நகரத்தவள். தொண்ணூறுகளில் வந்தவள். என்னைப் போலவே அவளும் தான் படித்த இசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு இலக்கங்களுக்குள் வந்து உட்கார்ந்திருந்தாள். டிசம்பரில் அலுவலகத்து நத்தார் விருந்தில் அங்கே இருந்த பியானோவில் நான் ஏதோ வாசிக்கப் போக, அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நான் வயலின் வாசிப்பேன்" என்றாள். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அப்படித்தான் எங்கள் மூவர் குழு தொடங்கியது. மூன்றாவது ஆள், செலோ வாசிக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் பியானோ இருந்தது. புதன்கிழமை மாலைகளில் அங்கே கூடுவோம். வருடத்தில் இரண்டு முறை சிறிய கச்சேரி. கேட்க வருபவர்கள் பெரும்பாலும் அந்தத் தேவாலயத்து முதியவர்களும் எங்கள் வீட்டாரும்தான். என் கணவர் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு இந்த இசையில் நாட்டமில்லை. ஆனால் ஒரு கச்சேரிக்கும் வராமல் இருந்ததில்லை.

வயலின்காரி எனக்கு இந்த நாட்டில் கிடைத்த நெருங்கிய சிநேகிதி. என் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருக்கிறாள். அவள் வீட்டில் பீட்ரூட் சூப் குடித்து எனக்குச் சிவந்த நாக்கு. என் மகளின் கல்யாணத்துக்குச் சேலை உடுத்து வந்து, கொசுவம் அவிழ்ந்துவிடுமோ என்று மாலை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதையெல்லாம் சொல்வது, பின்னால் நடந்தது இரண்டு பிறத்தியாருக்கு நடுவில் நடந்ததல்ல என்பதற்காக.

வன்னியில் சண்டை முடிவுக்கு வந்த அந்த வருடத்தை முதலில் சொல்ல வேண்டும்.

என் அண்ணா கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தார். ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்தபோது அவரும் மருந்துப் பெட்டிகளோடு இடம்பெயர்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி, பிறகு இன்னொரு பள்ளிக்கூடத்தில், பிறகு கடற்கரையில் தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே. அந்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை. ரொறன்ரோ நகர மையத்தில் எங்கள் சனம் குளிரில் நாள்கணக்காகக் கொடியும் படங்களும் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் வேலை முடிந்து போய் நின்றிருக்கிறேன். கடந்து போகிறவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் எங்கள் ஆட்கள் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள்.

அதற்கு அடுத்த ஒத்திகைக்கு வந்த செலோக்காரர் வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்துக்கொண்டே, "உங்கள் ஆட்களால் நான் மகளின் வீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. காருக்குள்ளேயே மாலை போய்விட்டது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"என் அண்ணா அங்கேதான் இருக்கிறார்" என்றேன்.

"அப்படியா. கேட்கக் கவலையாக இருக்கிறது" என்றார். வில்லைத் திருப்பி மறுபடியும் பிசின் தேய்த்தார்.

ஆனி மாதத்தில் எங்கள் கச்சேரி இருந்தது. நான் அவர்களிடம் ஒன்று கேட்டேன். நிகழ்ச்சித் தாளில், மெதுவான பகுதிக்குக் கீழே ஒரு வரி போடலாமா என்று. இறந்துகொண்டிருப்பவர்களுக்காக என்று மட்டும் போட்டால் போதும், நாட்டின் பெயர்கூட வேண்டாம் என்றேன்.

வயலின்காரி உடனே தலையை ஆட்டினாள். "வேண்டாம். நான் வந்த இடத்தில் ஒவ்வொரு கச்சேரிக்கும் பின்னால் ஒரு அரசியல் இருந்தது. கட்சிக்காக வாசித்தோம், தலைவர்களுக்காக வாசித்தோம். அதிலிருந்து தப்பித்தான் இங்கே வந்தேன். இசையை இசையாக விட்டுவிடுவோம்."

அவள் சொன்னதில் அவளுக்கென்று ஒரு நியாயம் இருந்தது. எனக்கு அது விளங்கியது. சரி என்றேன்.

கச்சேரிக்கு முன்னால் அண்ணாவின் மனைவி, என் மச்சாள், அகதி முகாமிலிருந்து யாருடையதோ போனில் எடுத்தா. "மச்சாள், கொண்ணர் போட்டார்" என்றா. அண்ணா போய்விட்டார் என்பதற்கு மேல் வேறொன்றும் சொல்ல முன்னம் தொடர்பு அறுந்துவிட்டது. மருந்து கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஷெல் குண்டு விழுந்ததென்று வேறு ஆட்கள் மூலம் பிறகு அறிந்தேன். புதைத்த இடத்தை மச்சாளுக்கும் காட்ட முடியவில்லை. அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில் வயலின்காரியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கச்சேரியில் மெதுவான பகுதியை வாசித்தேன். தாளில் அதன் வேகக்குறியும் எங்கள் பெயர்களும் மட்டும் இருந்தன.

அதன் பிறகும் நாங்கள் பல வருடங்கள் ஒன்றாக வாசித்தோம். அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை. வாழ்க்கையில் பல விஷயங்கள் அப்படித்தான் மூடிக்கொள்கின்றன.

உக்ரேனில் போர் தொடங்கிய காலையில் அவள் எனக்குப் போன் எடுத்தாள். பேச வரவில்லை. மூச்சுத்தான் கேட்டது. அவளுடைய அம்மா கார்கிவில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தார். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, இரவு மிஞ்சியிருந்த சோற்றையும் கறியையும் எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். அவள் போனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த அழுத்தல் எனக்குத் தெரிந்ததுதான். மணி போகிறது, எடுக்கிறார்களில்லை. பிறகு மணியும் போகாது. அன்றைக்கும் அடுத்த நாளும் அவளோடு இருந்தேன். அந்த நாட்களில் எனக்கு அவளிடம் ஒரு துளி கசப்பும் இருக்கவில்லை. இதை நான் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்போது எனக்கு அந்தப் பழைய நினைவு வரவேயில்லை. அவளுடைய அம்மா நிலவறையில் உயிரோடு இருக்கிறார் என்று செய்தி வந்தபோது இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒத்திகைக்கு அவள் புதிய தாள்களைக் கொண்டுவந்தாள். அந்த உக்ரேனிய இசையமைப்பாளர் எழுதியவை. மூவருக்கும் சேர்த்து ஒன்று, வயலினுக்கும் பியானோவுக்குமாகச் சில, பியானோவுக்கு மட்டும் தனியாகச் சில சிறு துண்டுகள்.

"இதை நாங்கள் வாசிக்க வேண்டும். உக்ரேனுக்காக ஒரு கச்சேரி வைக்க வேண்டும்" என்றாள்.

செலோக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கட்டாயம்" என்றார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. தாளை எடுத்துப் பியானோவில் வைத்தேன்.

அந்த இசையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. அதில் உரத்த இடம் ஒன்றுகூட இல்லை. சன்னமாக, இன்னும் சன்னமாக, அதனிலும் சன்னமாக என்று ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்துக்குக் கீழேயும் குறி இருந்தது. ஒரு கட்டை கொஞ்சம் தயங்க வேண்டும், அடுத்தது அதைவிடச் சற்று முந்த வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருந்தது. மெட்டு என்று பார்த்தால் மிகவும் எளியது. முதல் தடவை கேட்கும்போதே எங்கேயோ கேட்டது போல இருக்கும். தொடங்கும்போதே முடிகிற மாதிரித் தொடங்கும். பார்வைக்குப் பிள்ளைகள் வாசிக்கிற பாடம் போல இருந்ததை நான் முதல் வாரம் வாசித்து, இது சுகமான வேலை என்று நினைத்தேன்.

சன்னமாக வாசிப்பதுதான் பியானோவில் கடினம் என்பது பிறகு தெரிந்தது. கட்டையை மெல்ல அழுத்தினால் சில வேளை சத்தமே வராது. கட்டை கீழே போய்விடும், ஓசை இருக்காது. சற்று அழுத்தினால் அந்த ஒரு சுரம் கூட்டத்தில் இருமியவன் போல வெளியே தெரியும். தோளிலிருந்து விரல் நுனி வரை பாரம் எங்கேயும் தங்கக் கூடாது. என்னுடைய பழைய பியானோவில் நடுக் கட்டைகள் சில ஒட்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பழக வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்து, சமைத்து முடித்த பிறகு, மாலைகளில் உட்கார்ந்தேன். அந்த வசந்தமும் கோடையும் எனக்கு அப்படித்தான் போயின.

கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன உது? வாசிக்கிறீரோ, துடைக்கிறீரோ?"

"வாசிக்கிறன்."

"ஒண்டும் கேக்கேல்லை."

"அப்பிடித்தான் வாசிக்க வேணும்."

அவர் கொஞ்ச நேரம் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அடுத்த நாளிலிருந்து நான் வாசிக்கும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த இசை ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அண்ணா போனபோது நான் கத்தி அழவில்லை. இங்கே கத்தி அழுவதற்கு ஒரு உடலும் இல்லை, வீடு நிறைந்த சனமும் இல்லை. ஒரு பூசை வைத்தோம், வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம், அடுத்த திங்கள் வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு அழுவதற்கு எனக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை. அந்தச் சிறு துண்டுகளில் ஒன்று, நான்கு வரிகூடத் தேறாது, அதை வாசிக்கும்போது மட்டும் அண்ணா மருந்துப் பெட்டியைத் திறந்து மூடுவது போல எனக்குத் தோன்றும். அவர் எதையும் சத்தமில்லாமல் செய்கிற மனிதர். அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துண்டு எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

கோடை முடிவதற்குள் மூவருக்குமான பகுதி உருப்படியாக வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை வாசித்து முடித்ததும் வயலின்காரி வில்லை இறக்காமல் அப்படியே நின்றாள். "உன்னைப் போல இதை யாரும் வாசிக்க முடியாது" என்றாள். அவள் அதைச் சொன்னாள். நான் கேட்டேன். செலோக்காரரும் கேட்டார்.

எங்கள் சின்ன மண்டபத்தில் வைப்பதாக இருந்த கச்சேரி பெரிதாக வளரத் தொடங்கியது. ஏதோ ஒரு உக்ரேனியச் சங்கம் சேர்ந்துகொண்டது. நகர மையத்தில் பெரிய தேவாலயம் ஒன்று இடம் தந்தது. ஒரு குழு அமைத்தார்கள். இலையுதிர் காலத்தில் நாள் குறித்தார்கள். நான் கறுப்பு நிறத்தில் ஒரு நீளச் சட்டை வாங்கினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வயலின்காரி என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாகப் பின்கதவால் வருகிறவள் அன்றைக்கு முன்கதவில் மணி அடித்தாள். நான் தேத்தண்ணீரும் மட்டன் ரோல்சும் வைத்தேன். ரோல்ஸ் என்றால் அவளுக்கு உயிர். அன்று தொடவில்லை.

"கார்கிவிலிருந்து ஒரு பியானோக் கலைஞர் வந்திருக்கிறாள்" என்றாள். "அங்கே இசைக் கல்லூரியில் படிப்பித்தவள். சின்ன மகளோடு வந்திருக்கிறாள். மிசிசாகாவில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறாள்."

"நல்லது" என்றேன்.

"குழுவில் இருப்பவர்கள் அவள் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆட்கள் அவளைப் பார்க்க விரும்புவார்கள். உனக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியும். இது எங்களில் யாரைப் பற்றியும் அல்ல."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்தான். தனித் துண்டுகளையும்."

"சரி. அவள் வாசிக்கட்டும்."

அவள் மூச்சு விட்டாள். பிறகு, "இரண்டு உதவி வேண்டும்" என்றாள். "அவளுக்குப் பழக ஒரு பியானோ இல்லை. உன் வீட்டில் பழகலாமா? மற்றது, இந்தத் தாள்கள் அவளுக்குப் புதிது. கச்சேரியன்று பக்கம் புரட்ட இந்த இசை தெரிந்த ஆள் வேண்டும். உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

நான் அதற்கும் சரி என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

அவளுடைய கார் திரும்பியதும் கணவர் சமையலறையிலிருந்து வந்தார். எல்லாம் கேட்டிருந்தார்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்."

"ரெண்டுக்கும்?"

"அந்தப் பிள்ளை சண்டைக்குள்ளாலை வந்திருக்கு. நான் என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது?"

"அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கதைக்கேல்லை. உந்த வயலின்காரியைப் பற்றிக் கதைக்கிறன். அண்டைக்கு ஒரு வரி போட ஏலாது எண்டவ."

நான் அதை அவரிடம் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. அவர் மறக்கவில்லை.

"விடுங்கோ" என்றேன்.

"நான் விடுறன். நீர் விட்டிட்டீரோ?" என்று கேட்டுவிட்டு, ஆறிப்போன ரோல்சை எடுத்து உள்ளே கொண்டுபோனார்.

அந்தப் பெண் அடுத்த வாரத்திலிருந்து வரத் தொடங்கினாள். முப்பது சொச்சம் வயது. ஆங்கிலம் கொஞ்சம்தான். இரண்டு பேருந்து மாறி வருவாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, நேராக வைத்துவிட்டு, பியானோவுக்குப் போவாள். அவளை வெறுக்க வேண்டும் என்று நான் முயன்றேன். அது அவ்வளவு கடினமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கைகள் வெடித்திருந்தன. தங்கியிருந்த வீட்டில் பாத்திரங்கள் முழுவதையும் தானே கழுவுவதாகச் சொன்னாள்.

வாசிப்பில் அவள் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. ஒட்டுகிற கட்டைகள் அவளுக்கு ஒட்டவில்லை. நான் மாதக்கணக்காகத் தேடிய இடங்களை அவள் நின்று பார்க்காமலே தாண்டிப் போனாள். ஆனால் எல்லாவற்றையும் சற்று வேகமாக வாசித்தாள். எங்கேயோ போக வேண்டியவள் போல. எனக்கென்று நான் எடுத்துக்கொண்ட அந்தச் சின்னத் துண்டையும் அப்படித்தான். மாவைச் சலிப்பது போல ஒரு சீராக ஓடி முடிந்துவிட்டது. நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைக் குலைத்துத் திரும்பவும் மடித்தேன்.

ஒரு நாள் வாசித்து முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தேன்.

"உங்களுக்கு இந்த இசை பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"மிகவும்."

"எனக்குப் பிடிக்காது" என்றாள். சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். "எனக்குப் பெரிய இசை பிடிக்கும். சத்தமானது. இது எல்லாம் அழுகை. நான் குழுவிடம் வேறு சொன்னேன். அவர்கள், இல்லை, இதுதான் வேண்டும் என்றார்கள்."

ரோல்ஸ் ஒன்றைத் தட்டில் வைத்தேன். முழுவதையும் சாப்பிட்டாள்.

"நீங்களும் போரினால் வந்தீர்களா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினேன்.

"யாராவது?"

"என் அண்ணா."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "யார் வென்றது?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் இந்த நகரத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அவர்கள்" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போனாள். என் பதில் அவளைப் பயமுறுத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

கச்சேரியன்று தேவாலயம் நிறைந்திருந்தது. பின்னால் நின்றுகொண்டும் கேட்டார்கள். தூண்களில் நீலமும் மஞ்சளுமாக நாடா கட்டியிருந்தார்கள். நான் வாங்கிய கறுப்புச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். பக்கம் புரட்டுகிறவரும் கறுப்பில்தான் இருக்க வேண்டும்.

முதலில் வயலின்காரி பேசினாள். இப்படியான காலத்தில் இசைக் கலைஞர்கள் வாய் மூடி இருக்க முடியாது என்றாள். இசை எப்போதுமே சாட்சி சொல்லியிருக்கிறது என்றாள். பொய்யாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அவள் நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. செலோக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நிகழ்ச்சித் தாளின் முதல் பக்கம் முழுவதும் யாருக்காக இந்தக் கச்சேரி என்று எழுதியிருந்தது.

நான் பியானோவின் இடப்பக்கம் ஒரு நாற்காலியில் இருந்தேன். பக்கம் வரும்போது எழுந்து, வலது கையை உடலோடு ஒட்டிவைத்து, இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இசையில் தாளின் சரசரப்பே இடி போலக் கேட்கும். ஆகையால் ஒவ்வொரு மூலையையும் முதலே விரலால் மெல்ல வளைத்துவிட்டிருந்தேன். ஒரு பக்கமும் சத்தம் போடவில்லை.

என் சின்னத் துண்டு வந்தது. அதற்குப் பக்கம் புரட்டவே தேவையில்லை, ஒரே பக்கம்தான். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவள் அதை வேகமாக வாசிக்கவில்லை. வீட்டில் வாசித்ததைவிட மெதுவாக, எங்கே தயங்க வேண்டுமோ அங்கே தயங்கி வாசித்தாள். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னாலும் அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்தது, ஆனால் அது அவர்கள் அழுத அழுகை அல்ல. எங்களுக்காக ஒரு தேவாலயமாவது இப்படி அழுதிருந்தால் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த நேரத்தில் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தவளின் துயரம்கூட எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கசப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூவரும் முன்னால் போய்க் குனிந்தார்கள். பூச்செண்டு கொடுத்தார்கள். பக்கம் புரட்டுகிறவர் குனிவதில்லை. நான் நாற்காலியில் இருந்தபடி தாள்களை அடுக்கினேன். பிறகு பக்கவாட்டு நடையில் நின்றபோது ஒரு முதிய பெண் என்னிடம் வந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டார். நான் தேவாலயத்தில் வேலை செய்பவள் என்று நினைத்திருப்பார். படி இறங்கி வலது பக்கம் என்று காட்டினேன். மிகவும் நன்றி சொன்னார்.

வயலின்காரி உடைகள் வைத்திருந்த பின்னறைக்கு வந்தபோது நான் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. முகம் சிவந்திருந்தது. சந்தோஷமாக இருந்தாள்.

"நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது" என்றாள்.

நான் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். "நாங்கள் முன்பு ஒரு ஆனி மாதம் செய்த கச்சேரி நினைவிருக்கிறதா? நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி போடலாமா என்று நான் கேட்டது?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "என்ன வரி?"

"என் அண்ணா இறந்த வருடம்."

"ஓ" என்று என் கையைப் பிடித்தாள். "உன் அண்ணா. நினைவிருக்கிறது. சுனாமியில்தானே?"

நான் அவளுடைய கைக்குள் இருந்து என் கையை எடுத்துக் கோட்டுப் பொத்தானைப் போட்டேன். "ஓம்" என்றேன். திருத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை. கணவர் வெளியே காரில் இருந்தார். போய் ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் புதன்கிழமைகளில் போகவில்லை. முதுகு நோவு என்று ஒரு செய்தி அனுப்பினேன். அவள் சில தடவை போன் எடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். நான் வேலையை விட்டு ஓய்வெடுத்துவிட்டதால் அலுவலகத்திலும் காண நேரவில்லை. அந்தக் கார்கிவ் பெண்ணுக்குக் கச்சேரி கேட்ட ஒருவர் பியானோவே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. இப்போது மேற்கே வேறொரு நகரத்தில் இசைப் பள்ளியில் வேலை என்று செலோக்காரர் சொன்னார். நன்றாக இருக்கட்டும்.

என் பியானோ முன்னறையில்தான் இருக்கிறது. அந்தச் சின்னத் துண்டை வாசிக்க உட்கார்ந்தால் இப்போது எனக்கு அண்ணா வருவதில்லை. நீல மஞ்சள் நாடாதான் வருகிறது. ஆகவே வேறு ஏதாவது வாசிக்கிறேன், அல்லது வாசிப்பதில்லை.

போன வருடம் மார்க்கம் வீதியில் உள்ள பிளாசாவில் மீன் வாங்கப் போனபோது அவளைக் கண்டேன். என் பின்னால் வந்து தோளைத் தொட்டாள். மெலிந்திருந்தாள். அம்மா இறந்துவிட்டார் என்றாள். குண்டில் அல்ல, முதுமையில், ஆனால் போக முடியவில்லை என்றாள். நான் கவலைப்படுகிறேன் என்றேன். கவலையாகத்தான் இருந்தது.

"உன் கணவரைக் கண்டேன்" என்றாள். "வசந்தத்தில், ஆஸ்பத்திரியில். சுனாமி இல்லை என்று சொன்னார்."

அவர் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவள் மீன்கடை வாசலில் நின்று அழுதாள். ஆட்கள் விலகிப் போனார்கள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "நாங்கள் உங்கள் ஆட்களுக்காக ஒரு கச்சேரி செய்ய வேண்டும்" என்றாள். "நீயே வாசிக்க வேண்டும். முதல் பக்கத்தில் எழுதுவோம். உங்கள் நாட்டு இசையமைப்பாளர் ஒருவரைச் சொல். நான் தாள் எடுப்பிக்கிறேன்."

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். மனதாரத்தான் கேட்டாள். வயலினுக்கும் செலோவுக்கும் பியானோவுக்குமாக எங்கள் இறந்தவர்களைப் பற்றி எழுதிய ஒருவரையும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவப் போட்டுவிட்டுக் கணவரிடம் கேட்டேன். "நீங்கள் அவவைக் கண்டனீங்கள் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது? பிழையாய் வைச்சிருந்தா. திருத்தினன்." அவர் பேப்பரை மடித்தார். "இப்ப என்னவாம்?"

"எங்கடை ஆக்களுக்கு ஒரு கச்சேரி வைப்பமாம். என்னை வாசிக்கட்டாம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டன்."

"யோசிப்பீரோ?"

"இல்லை" என்றேன். மீனை வெட்டத் தொடங்கினேன்.